இல்லாத குளமும் சுற்றி வந்த குளமும்

தென் லண்டனில், குரொய்டன் பக்கமிருந்து 109 ஆம் இலக்க பஸ்ஸில் வந்தால், மேடே ஆஸ்பத்திரி என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்லும் குரொய்டன் பல்கலைக்கழக மருத்துவமனையைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், பஸ்ஸுக்குள் பதிவுசெய்த பெண்குரல் ஒன்று "தோர்ண்டன் ஹீத் பொண்ட்" என்று அறிவிக்கும். பெரியம்மா இந்த ஊருக்கு வந்து இரண்டாம் கிழமை. ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் 'பொண்ட்' என்றால் என்னவென்று என்னிடம் கேட்டு வைத்துக்கொண்டார். அடுத்த முறை அந்தக் குரல் கேட்டதும் யன்னலோரம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"குளம் எண்டு சொல்லுறா. எங்கை பிள்ளை குளம்?"

வெளியே தெரிந்தது ஒரு நாற்சந்தி. சிக்னல் விளக்குகள், வரிசையாகக் கார்கள், பஸ் டிப்போ, முருங்கைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் வாசலிலேயே அடுக்கிவைத்திருக்கும் எங்கள் ஆட்களின் கடைகள். தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. "முந்தி இருந்ததாம் பெரியம்மா. தூர்த்துப் போட்டினம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய முகம் மாறியது. செத்த வீட்டுச் செய்தி கேட்கிற முகம் அது.

பெரியம்மா புங்குடுதீவுக்காரி. கடல் சூழ்ந்த அந்த மண்ணில் 'நல்ல தண்ணி' என்றொரு சொல் உண்டு. குடிக்கக்கூடிய தண்ணீர் என்று அர்த்தம். மற்றதெல்லாம் உவர். நல்ல தண்ணிக் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்துபோய் வந்த பெண்களின் கால்களில்தான் அந்த ஊர் நின்றது. மாரியில் குளம் நிறைந்தால், நிலத்துக்குள் இறங்கிய மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்கடியில் கடல்நீரின் மேல் மிதந்து, பக்கத்துக் கிணறுகளைக் கொஞ்ச நாளைக்காவது இனிப்பாக்கும். குளத்தை மூடினால் கிணறு உவர்க்கும். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதற்கும் இதுதான் கணக்கு. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத நிலம் அது. வழுக்கியாறும் மாரிக்கு மட்டுந்தான் ஓடும். ஆகவே குளத்தைத் தூர்ப்பது என்பது அவருக்கு ரோட்டுப் போடுகிற வேலையாகத் தெரியவில்லை. ஊர்க்குடத்தை உடைக்கிற வேலையாகத்தான் தெரிந்தது.

"ஏன் தூர்த்தவை?" என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் சரியான பதில் தெரியவில்லை. பதினேழு வருடமாக அந்த நாற்சந்தியைக் கடந்து வேலைக்குப் போகிறேன். ஒரு தடவைகூட அந்தப் பெயர் என்னைத் தடுத்து நிறுத்தியதில்லை. அன்றிரவுதான் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

இன்றைக்குத் தென் லண்டனில் 'நோர்வுட்' என்று முடியும் ஊர்கள் பல. சவுத் நோர்வுட், அப்பர் நோர்வுட், வெஸ்ட் நோர்வுட். எல்லாமே 'வடகாடு' என்ற ஒரே பெயரின் கிளைகள். குரொய்டனுக்கு வடக்கே இருந்த பெருங்காடு அது. ஓக் மரங்கள் நிறைந்த அந்தக் காட்டில் கிளைகளை முறைவைத்து வெட்டி, மண்ணால் மூடி, காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, லண்டன் மாநகரத்து அடுப்புகளுக்கு ஏற்றினார்கள். எங்கள் வன்னியில் கரி சுட்ட கதைதான். கரிமூட்டத்தைக் காத்துக்கொண்டு இராப்பகலாகக் காட்டுக்குள் கிடந்த மனிதர்கள். முகத்திலிருந்து கால்வரை கரி படிந்த இந்த குரொய்டன் கரிக்காரர்கள் லண்டனில் அவ்வளவு பேர்போனவர்கள். 'கிரிம் த கொலியர் ஒஃப் குரொய்டன்' என்று அவர்களை வைத்து ஒரு நாடகமே 1662 இல் அச்சாகியிருக்கிறது. 'கொலியர்' என்றால் அந்தக் காலத்தில் கரி சுடுகிறவன், கரி விற்கிறவன்.

தோர்ண்டன் ஹீத் குளத்தடியில் இன்றைக்கும் ஒரு தெரு இருக்கிறது. கொலியர்ஸ் வோட்டர் லேன். கரிக்காரர் தண்ணீர்த் தெரு! கரி வண்டிகளை இழுத்து வந்த குதிரைகள் லண்டன் வீதியில் ஏறுவதற்கு முன் தண்ணீர் குடித்த இடம் இந்தக் குளம். 'ஹீத்' என்பது புதரும் புல்லும் மண்டிய பொதுநிலம். ஊர் ஆடுமாடுகள் மேய்ந்த தரவை என்று எங்கள் பேச்சில் சொல்லலாம். தரவையும் குளமும் சேர்ந்த ஓர் இடம். பக்கத்திலேயே தூக்குமரம் நின்ற புல்வெளியும் இருந்ததாம். 1862 இல் ரயில் நிலையம் வந்தது. தரவை வீடுகளாயிற்று. ஊரின் நடு மெல்ல மெல்ல ரயிலடிப் பக்கம், 1900 இல் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு நகர்ந்தது. குதிரை போய் மோட்டார் வந்த பிறகு, லண்டனிலிருந்து பிறைட்டனுக்குப் போகும் பெருந்தெரு குளத்தை நெருக்கியது. 1950 களில் குளத்தைத் தூர்த்து முடித்தார்கள். பெயரை மட்டும் பஸ்காரர்கள் இன்றும் சுமந்து திரிகிறார்கள்.

குளம் இருந்த இடத்துக்கு மிகக் கிட்ட, தோர்ண்டன் றோ என்ற சிறு தெருவில் சிவஸ்கந்தகிரி முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கம் பூவும் கற்பூரமும் மணக்கும். நல்லூர்க் கந்தனுக்குத் தீர்த்தக் கேணி உண்டு. ஊரில் குளமோ கேணியோ இல்லாத கோயிலைக் காண்பது அரிது. இங்கே முருகன் ஒரு பழைய குளத்தின் கரையிலேயே வந்து குடியிருக்கிறார், ஆனால் அவர் வருவதற்கு முன்னரே அந்தக் குளம் போய்விட்டது. இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது, "அப்ப தண்ணி இருக்கிற இடத்துக்கு ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்றார். கேட்டது அவ்வளவுதான். மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் புறப்பட்டோம்.

நான் தெரிந்தெடுத்தது சவுத் நோர்வுட் கன்ட்றி பார்க். பெயரில் பூங்கா என்றாலும் சட்டப்படி அது ஓர் உள்ளூர் இயற்கை ஒதுக்கிடம். நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட புல்வெளி, புதர், சதுப்பு, நடுவே ஒரு குளம். தோர்ண்டன் ஹீத்திலிருந்து காகம் பறக்கிற கணக்கில் பார்த்தால் மூன்று நான்கு கிலோமீற்றருக்குள். செல்ஹர்ஸ்ட் பார்க் கால்பந்து மைதானத்தைக் கடந்து சவுத் நோர்வுட் கடைத்தெருவால் நடந்தே போகலாம். ஆனால் பெரியம்மாவின் முழங்காலைக் குளத்தைச் சுற்றுவதற்காகச் சேமிக்க வேண்டியிருந்தது. அதனால் 109 இல் ஏறி வெஸ்ட் குரொய்டனில் இறங்கி ட்ராம் பிடித்தோம். ஈஸ்ட் குரொய்டன், லெபனன் றோட், சான்டிலன்ட்ஸ் என்று வீட்டுப் பின்புறங்களுக்கூடாக வளைந்து வளைந்து போய், அரீனா என்ற தரிப்பிடத்தில் இறங்கினால் ஒரு பக்கம் விளையாட்டரங்கு, மறுபக்கம் பச்சை. 2000 ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து ஓடுகிற ட்ராம் இது. பாதி வழி பழைய ரயில் பாதையின் மேலேயே ஓடுகிறது.

ட்ராம் போன பிறகு வந்த அமைதி பெரியம்மாவை நிறுத்திவிட்டது. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அவர் கேட்காத சத்தம் அது. ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு செருப்பைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

பாதை நிலத்தோடு நிலமாகத்தான் போகிறது. ஏற்றம் இல்லை, படி இல்லை. பிள்ளை வண்டியும் சக்கர நாற்காலியும் போகிற பாதைகள் உண்டு. மழை பெய்த மறுநாள் மட்டும் சில இடங்களில் களி ஒட்டும். லண்டன் களிமண் தண்ணீரைக் கீழே விடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் விழுந்த மழையை உறிஞ்சி ஒளித்துவைக்கும் என்றால், இந்த மண் விழுந்ததை மேலேயே வைத்துக்கொண்டு நிற்கும். இங்கே குளம் நிலைப்பதற்கும், காடு ஈரமாகக் கிடப்பதற்கும், மார்கழியில் சப்பாத்து புதைவதற்கும் அந்தக் களிதான் காரணம்.

இரண்டு பக்கமும் ஹோதோர்ன் வெள்ளையாகப் பூத்திருந்தது. வேலிக்கு நடுகிற முள்மரம் அது. மே மாதத்தில் பூப்பதால் இந்த நாட்டவர்கள் அதற்கு 'மே' என்றே பெயரும் வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் இடுப்பளவுக்குச் செழித்த ஒரு செடியைக் கண்டதும் பெரியம்மா சேலையைச் சட்டென்று இழுத்துப் பிடித்தார். "கவனம், காஞ்சோண்டி!" ஆங்கிலத்தில் 'நெட்டில்' என்கிற செடி. தாவரவியலில் வேறு குடும்பமாக இருக்கலாம். இலையின் ரோமத்தைக் கண்டவுடன் சுனைக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுபத்து நான்கு வயதில், பார்த்திராத நாட்டில், ஒரு செடியின் குணத்தை அதன் தோற்றத்திலிருந்தே சொல்ல முடிகிறவரோடு நடப்பது, புத்தகம் கையில் வைத்துக்கொண்டு நடப்பதைவிட நல்லது.

இந்த நிலத்தின் கதையை அவரிடம் சொல்லத் தயங்கினேன். இது ஒரு காலத்தில் மலக்கழிவுப் பண்ணை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் குரொய்டன் விரைவாகப் பெருத்தது. வீட்டுக் கழிவுநீர் முழுவதும் வாண்டில் ஆற்றில் போய்ச் சேர்ந்தது. மீன் செத்தது, ஆற்றோரத்தவர்கள் வழக்காடினார்கள். 1849 இலேயே உள்ளூர்ச் சுகாதாரச் சபை அமைத்துக்கொண்ட ஊர் அது. அந்தச் சபை ஒரு வழி கண்டது. கழிவுநீரை ஆற்றில் விடாமல், வாய்க்கால் கட்டிப் புல்வயல்களில் பாய்ச்சுவது. மண் அதை வடிகட்டும், புல் செழிக்கும், புல்லை அறுத்து மாட்டுக்கு விற்கலாம். 1860 களில் இந்த நிலத்தில் தொடங்கிய அந்த வேலை ஏறக்குறைய நூறு வருடம் நடந்தது. புல்லுக்குள் தேடினால் அந்தப் பழைய கொன்கிரீட் வாய்க்கால்களின் துண்டுகள் இன்றும் காணக்கிடைக்கின்றன. பாசி பிடித்து, நத்தை ஏறி, கல்தொட்டி மாதிரிக் கிடக்கின்றன.

ஒரு வாய்க்காலின் முன் பெரியம்மா குனிந்து பார்த்தார். நான் சொன்னேன். அவர் மூக்கைச் சுழிக்கவில்லை. "எங்கடை ஆக்களும் மாட்டுப்பட்டித் தண்ணியைத் தோட்டத்துக்குத்தானே விட்டவை. மண்ணுக்குக் குடுத்தா மண் வீணாக்காது" என்றார். எனக்கு அந்த நேரம் மனதுக்கு இதமாக இருந்தது. நகரத்தின் அழுக்கைச் சுமந்த நிலத்தை, அந்த வேலை முடிந்த பிறகு வீடுகட்ட விற்காமல், 1980 களின் கடைசியில் பறவைகளுக்கும் மனிதருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஒரு நகரசபை எடுத்த மிக நல்ல முடிவுகளில் அது ஒன்று. லண்டனில் நூறு ஏக்கர் என்றால் என்ன விலை போகும் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்த முடிவின் கனம் புரியும்.

பிறகு குளம் வந்தது.

முதலில் நாணல்தான் தெரிந்தது. ஆளுயரத்துக்கு மேல், போன வருடத்துக் காய்ந்த தட்டைகளுக்கிடையில் இந்த வருடத்துப் பச்சை முளைத்து வந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து இடைவிடாத ஒரு கரகரப்பு. ஒரே சொல்லை மூன்று மூன்று முறை திருப்பிச் சொல்லிக்கொண்டு வேறு சொல்லுக்குத் தாவுகிற குரல். நாணல் கதிர்க்குருவி. சகாராவுக்குத் தெற்கேயிருந்து பறந்து வந்து, இந்த நாணல் தட்டை மூன்று நான்கைச் சேர்த்துக் கட்டிக் கூடு தொங்கவிடுகிற சின்னஞ்சிறு பறவை. அதைக் கண்ணால் காணவில்லை. காண வேண்டும் என்றும் தோன்றவில்லை. அது அங்கே இருக்கிறது என்று குரல் சொன்னது போதும்.

நாணல் விலகுகிற இடத்தில் தண்ணீர் திறந்தது. கறுப்பும் பச்சையும் கலந்த, அசையாத தண்ணீர். வில்லோ மரம் ஒன்று அரைவாசி சாய்ந்து தன் நிழலைத் தானே தொட்டுக்கொண்டிருந்தது. கரையோரம் கறுத்த உடம்பும் நெற்றியில் வெள்ளைப் பட்டையுமாக ஒரு பறவை எங்களைக் கண்டு அலட்டிக்கொள்ளாமல் நீந்தியது.

"நாமம் போட்டிருக்கு" என்றார் பெரியம்மா.

தமிழில் அதன் பெயரே நாமக்கோழிதான்! அவருக்கு அது தெரியாது. கண்ட மாத்திரத்தில் அவர் வாயில் வந்த சொல்லும், என்றோ யாரோ எங்கள் ஊர்க் கரையொன்றில் நின்று அதற்கு வைத்த பெயரும் ஒன்றாக இருந்தன. 'கூட்' என்று ஆங்கிலத்தில் சொல்கிற இதே இனம்தான் வேடந்தாங்கலிலும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. கொஞ்சம் தள்ளிச் சிவப்பு மூக்கும் மஞ்சள் நுனியுமாக வாலை வெட்டி வெட்டி நடந்த தாழைக்கோழியும் அப்படியே. அதைப் பார்த்துக் "கானாங்கோழியின்ரை சகோதரம்" என்றார். அதுவும் சரிதான். இரண்டும் ஒரே குடும்பம்.

நாமக்கோழியின் கூடு கரையிலிருந்து நாலு முழத் தூரத்தில் இருந்தது. சுள்ளி, நாணல் தட்டை, நடுவே ஒரு நீலப் பிளாஸ்ரிக் துண்டு. அதன் மேல் ஐந்து குஞ்சுகள். தாயின் கறுப்புக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மயிரில்லாத சிவந்த தலை, கழுத்தைச் சுற்றிச் செம்மஞ்சள் கலந்த பஞ்சு. தகப்பன் முக்குளித்துப் பாசி கொண்டுவர, தாய் அதைப் பிய்த்து ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தது. ஒரு தடவை அது கூட்டின் விளிம்பில் ஏறி நின்றபோது காலைப் பார்த்தோம். வாத்துக் கால் மாதிரி விரல்களுக்கிடையே தோல் இல்லை. ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் தனித்தனி மடல்கள். நீந்தவும் சேற்றில் புதையாமல் நடக்கவும் ஏற்றாற்போல அமைந்த கால். பக்கத்தில் இருந்த மர இருக்கையில் பெரியம்மா இருந்துவிட்டார். நானும் இருந்தேன். முக்கால் மணிநேரம் போயிருக்கும். அந்த நேரத்தில் அவர் தன் முழங்காலைப் பற்றியோ, ஊரில் பூட்டிவிட்டு வந்த வீட்டைப் பற்றியோ ஒரு சொல் பேசவில்லை. வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் இப்படி மௌனமாக, ஆனால் மலர்ந்து இருந்ததை நான் கண்டதில்லை.

ஒரு சின்னப் பையன் தாயோடு வந்து பாண் துண்டுகளை எறிந்தான். வாத்துகள் பாய்ந்து வந்தன. ஆசையோடு செய்கிற காரியம்தான், தப்புச் சொல்ல மனம் வராது. ஆனால் மிஞ்சுகிற பாண் அடியில் போய் அழுகித் தண்ணீரின் மூச்சைக் குறைக்கும். பாசி மண்டும். வாத்துக்கும் அது நல்ல தீனி இல்லை. போட வேண்டும் என்று தோன்றினால் கொஞ்சம் ஓட்ஸ், பச்சைப் பட்டாணி கொண்டு போங்கள். ஒன்றும் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அதைவிட நல்லது.

எழுந்து கரையோரமாக நடந்தோம். பாதை எங்கும் தண்ணீரை ஒட்டியே போவதில்லை. ஓரிடத்தில் மரங்களுக்குள் நுழைந்து தண்ணீரை மறைத்து, திடீரென்று வேறொரு கோணத்தில் காட்டும். அப்படி ஒரு திருப்பத்தில் ஒற்றைக்காலில் நின்றது சாம்பல் நாரை. யாழ்ப்பாணத்தில் பண்ணைக் கடலோரத்தில், தொண்டைமானாற்றுப் பக்கத்தில் நிற்குமே, அதே நாரை, அதே நிற்பு. அது அசையும்வரை நாங்கள் நின்றோம். அது அசையவில்லை. நாங்கள்தான் நடந்தோம்.

தலைக்கு மேலே கிரீச்சென்று கூவிக்கொண்டு ஒரு பச்சைக் கூட்டம் பறந்தது. பெரியம்மா அண்ணாந்து பார்த்துக் கையைத் தட்டிச் சிரித்தார். "கிளி! இஞ்சையும் கிளி!" செந்தார்ப் பைங்கிளிகள். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் அவற்றின் தாய்நிலம். கூண்டுகளிலிருந்து தப்பியும் திறந்துவிடப்பட்டும் வெளியேறியவை 1960 களின் கடைசியிலிருந்து தென்கிழக்கு இங்கிலாந்தில் குஞ்சு பொரித்துப் பெருகின. இன்றைக்கு லண்டன் பூங்காக்களில் புறாவுக்கு அடுத்தபடி இவற்றின் சத்தம்தான். குளிரைத் தாங்கின, மரப்பொந்துகளைப் பிடித்தன, கூட்டம் கூட்டமாக வாழ்ந்தன. உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளுக்குப் போட்டியாகின்றன என்று கவலைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பச்சையைக் கண்டதும் ஒரு முதிய பெண்ணின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அருகில் இருந்து பார்த்தவள் நான்.

குளத்தைச் சுற்றி முடித்துவிட்டு வீடு திரும்பலாம் என்று நினைத்திருந்தேன். பெரியம்மாதான் தூரத்தில் தெரிந்த மேட்டைக் காட்டி, "உதிலை ஏறிப் பாப்பம்" என்றார். சரிவு மெல்லியது. நின்று நின்று ஏறினோம். மேலே போனால் வடமேற்கே சிடன்ஹம் மலைத்தொடரின் உச்சியில் கிறிஸ்டல் பலஸ் ஒளிபரப்புக் கோபுரம் 219 மீற்றர் உயரத்தில் தனித்து நிற்கிறது. அந்த மலைமேல் இருந்த கண்ணாடி மாளிகை 1936 நவம்பர் 30 ஆம் திகதி இரவு எரிந்து போனது. மலைத்தொடரில் இன்னும் இருட்டாகத் தெரிகிற மரக்கூட்டங்கள்தான் அந்த வடகாட்டின் மிச்சம். கரிக்காரர்களுடைய காடு.

நாங்கள் நின்ற மேடு இயற்கையாக அமைந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் இடிந்த வீடுகளின் கல்லையும் செங்கல்லையும் கொண்டுவந்து கொட்டிய குவியல் அது. 1944 இல் ஹிட்லரின் வி-1 பறக்கும் குண்டுகள் லண்டனின் எல்லா நகரசபைப் பகுதிகளையும்விட அதிகமாக விழுந்தது குரொய்டனில்தான். புல் மூடியிருக்கிறது, டெய்ஸி பூத்திருக்கிறது, நாய்கள் ஓடி விளையாடுகின்றன. அடியில் யாருடையவோ அடுக்களைச் சுவர்.

இதைப் பெரியம்மாவிடம் சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். சொன்னேன். குண்டு விழுந்த வீட்டை விட்டு, சாமான் மூட்டையோடு கடல் கடந்து ஓடிய நாட்களை அறிந்தவர் அவர். காலடியில் இருந்த புல்லைச் செருப்பு நுனியால் தடவினார். "சனம் வந்து இருந்து சிரிக்கிற இடமா மாத்தி வைச்சிருக்கினம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கடை இடிஞ்ச வீட்டுக் கல்லெல்லாம் எங்கை போச்சுதோ தெரியேல்லை" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசவில்லை.

இறங்கும் வழியில் இன்னொரு தண்ணீர்ச் சுவடும் இருக்கிறது. 'லா மோட்ஸ்' என்ற இடம். இடைக்காலத்தில் நான்கு பக்கமும் அகழி வெட்டி நடுவில் வீடு கட்டி யாரோ வாழ்ந்திருக்கிறார்கள். வீடு போய்விட்டது. அகழியின் பள்ளம் மட்டும் மரங்களுக்கிடையில் சதுரமாகக் கிடக்கிறது. சட்டப் பாதுகாப்பு உள்ள தொல்சின்னம். தெரியாமல் போனால் கவனிக்காமலே கடந்துவிடலாம். ஒதுக்கிடத்தின் ஊடாக சாஃபின்ச் என்ற சிறு ஓடை ஒன்றும் ஓடுகிறது. வாய்க்காலைவிடக் கொஞ்சம் அகலம். அது பூல் ஆற்றில் சேர்ந்து, பூல் றேவன்ஸ்போனில் சேர்ந்து, டெப்ட்ஃபோர்ட்டில் தேம்ஸில் விழுகிறது. பெரியம்மா ஓடைப் பாலத்தில் நின்று ஒரு வில்லோ இலையைக் கிள்ளிப் போட்டார். "இது கடலுக்குப் போகுமோ?" போகும் என்றேன்.

திரும்பி வரும்போது ட்ராமில் எனக்கு ஒரே யோசனை. தோர்ண்டன் ஹீத் குளத்தைத் தூர்த்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தக் குளத்தால் பிழைத்தவர்கள் போய்விட்டார்கள். கரிக்காரன் போனான், குதிரை போயிற்று, மேய்ச்சல் மாடு போயிற்று. குளத்தைச் சுற்றி யாரும் நடக்காத காலத்தில் ஒரு தெரு அதைக் கேட்டது, கொடுத்துவிட்டார்கள். இதே ஆபத்து எங்கள் ஊரிலும் இருக்கிறது. குழாய்த் தண்ணீரும் போத்தல் தண்ணீரும் வந்த பிறகு குளத்தடிக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். போகாத குளத்தில் குப்பை விழும். குப்பை விழுந்த குளத்தைத் தூர்க்கச் சொல்லி ஊரே கேட்கும். யாழ்ப்பாண நகரின் ஆரியகுளத்தை 2021 இல் துப்புரவாக்கிச் சுற்றிவர நடைபாதை அமைத்தபோது சிலர் வீண்செலவு என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாலையில் அதைச் சுற்றி நடக்கிற ஒவ்வொரு ஆளும் அந்தக் குளத்துக்குக் காவல். புங்குடுதீவின் குளங்களுக்கும் அப்படி நடக்கிற கால்கள் வேண்டும். வெளிநாட்டுக் காசில் கோயில் கோபுரங்கள் எழும்புகின்றன, நல்லது. அந்தக் கோயிலின் கேணியைத் தூர்வாரவும் அதே காசில் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

பெரியம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முன் நாலு தடவை நாங்கள் அந்தக் குளத்துக்குப் போய்விட்டோம். இரண்டாவது தடவை ஐந்து குஞ்சில் மூன்றுதான் மிஞ்சியிருந்தன. நாலாவது தடவை அந்த மூன்றும் தாயளவுக்கு வளர்ந்து, நெற்றியில் நாமம் இன்னும் தெளியாமல், சாம்பல் நிறத்தில் தனித்தனியாக நீந்தின.

தோர்ண்டன் ஹீத்திலும் நோர்பெரியிலும் குரொய்டனிலும் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்த அம்மாவையும் அப்பாவையும் நான்கு சுவருக்குள் தொலைக்காட்சிக்கு முன் இருத்திவிட்டு வேலைக்கு ஓடுகிறோம். சனிக்கிழமைகளில் அவர்களைக் கடைக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் கூட்டிப் போகிறோம். ஒரு சனிக்கிழமை இந்தக் குளத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட விடுங்கள். 'கூட்' என்று பள்ளியில் படித்து வந்த பறவைக்கு நாமக்கோழி என்று அம்மம்மா பெயர் சொல்லிக் கொடுப்பார். அரீனா ட்ராம் தரிப்பிடத்தில் இறங்குங்கள், அல்லது அடுத்ததான ஹரிங்டன் றோட்டில். குளத்தையும் மேட்டையும் சேர்த்து ஆற அமரச் சுற்றி வர, இருக்கையில் இருக்கிற நேரத்தைச் சேர்க்காமல், ஒன்றரை மணிநேரம் போதும். தண்ணீர்ப் போத்தலும் தட்டைச் செருப்பும் போதும். கட்டணம் கிடையாது.